வாசித்துக் காட்டிய குமாஸ்தா

திருமூர்த்தி கோர்ட்டுக்கு வந்துவிட்டாரா என்று யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. எதிரே புளியமரத்தடியில் மோர் விற்கிற பாவாத்தாளுக்கு அவர் குரலே போதும். "குமாஸ்தாய்யா வாசிக்க ஆரம்பிச்சுட்டாருங்க. இனி அரை மணிக்கு ஒருத்தரும் வெளிய வரமாட்டாங்க" என்று சொல்லிப் பானையை மூடிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள்.

ஈரோட்டுக்குத் தெற்கே ஒரு முன்சீப் கோர்ட். 1935-ஆம் வருஷம். திருமூர்த்திக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சாட்சிகள் சொல்வதைத் தமிழில் எழுதுவதும், எழுதி முடித்ததும் அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவதும் அவருடைய உத்தியோகம்.

கோர்ட்டுக்கு அந்தக் காலத்தில் இரண்டு பாஷைகள். முன்சீப் தம் குறிப்பையும் தீர்ப்பையும் இங்கிலீஷில் எழுதுவார். வக்கீல்கள் சட்டம் பேசும்போது இங்கிலீஷில் பேசுவார்கள். ஆனால் சாட்சி சொன்னது சாட்சியின் பாஷையில்தான் காகிதத்தில் ஏற வேண்டும். ஏறியதை அவர் காதில் விழும்படி வாசித்து, பிழை இருந்தால் அங்கேயே திருத்தி, அதன் பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். சர்க்கார் விதி அது. இந்தப் பக்கத்தில் தமிழ். இதே ஜில்லாவில் கொள்ளேகாலத்தில் கன்னடம்.

விதி எல்லா இடத்திலும் இருந்தது. வாசிப்பு பல இடங்களில் முணுமுணுப்பாக முடிந்துவிடும். அடுத்த சாட்சியை டவாலி கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, முந்தைய சாட்சியின் கட்டைவிரலில் மை ஏறிவிடும். திருமூர்த்தியிடம் அது நடக்காது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, சாட்சியின் முகத்தைப் பார்த்து, அடுத்ததற்குப் போவார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் இலை இலையாகப் பார்த்துக்கொண்டு போவதைப்போல இருக்கும்.

நத்தக்காடையூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையத்தில் பிறந்தவர் அவர். தகப்பனார் காளை வளர்ப்பவர். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் பூத்த மயிலையாகிவிடும் என்பதை எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பதாவது வயதில் ஒரு வக்கீலிடம் தஸ்தாவேஜுகளைப் பிரதி எடுக்கச் சேர்ந்தார். கையெழுத்து அழகாக இருக்கும் என்பது ஒன்றே அவருக்கு இருந்த சிபாரிசு. பிரதி எடுத்து எடுத்தே சட்டத்தின் வாசகம் அவருக்குப் பழகியது. ஓர் இங்கிலீஷ் சொல் புரியாவிட்டால் தாண்டிப் போகமாட்டார். வராந்தாவில் போகிற யாரையாவது நிறுத்திக் கேட்டுக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவார். அப்படியே தேறி, பதினோரு வருஷத்துக்கு முன் இந்தக் கோர்ட்டுக்கு வந்தார்.

வாசித்துக் காட்டும் பழக்கம் வீட்டையும் விடவில்லை. சந்தைக்குக் கிளம்பும்போது மனைவி நாச்சியம்மாள் சொல்வதை ஒரு சீட்டில் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்ட பிறகே பையை எடுப்பார்.

"ஏனுங்க, வெங்காயம் வாங்கறதுக்கு நான் கைநாட்டு வைக்கோணுமா?" என்பாள் நாச்சியம்மாள்.

"போன வாரம் மல்லின்னு சொல்லிப்போட்டு, மொளகுன்னு சண்டைக்கு வந்தது ஆரு?"

"நான் மொளகுன்னுதான் சொன்னேன்."

"அதுக்குத்தான் வாசிக்கிறது."

வேலைக்கு வந்த முதல் வருஷத்திலேயே அவருக்கு ஒரு கஷ்டம் புரிந்துவிட்டது. எவ்வளவு நிதானமாக வாசித்தாலும் சாட்சிகள் திருத்துவதில்லை. முன்சீப் மேலே உட்கார்ந்திருக்கும்போது, கீழே நின்றுகொண்டு "அது தப்புங்க" என்று சொல்வது மரியாதையாகுமா என்று நினைக்கிற ஜனங்கள். வாசிக்க வாசிக்க "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுவார்கள். கைரேகை வைத்துவிட்டு வெளியே போய், மோர்க் குவளையைக் கையில் வாங்கிய பிறகு, "நான் சொன்னது அப்பிடியில்லீங்களே!" என்பார்கள். பாவாத்தாளிடம் திருத்தப்பட்ட வாக்குமூலங்களை மட்டும் கட்டி வைத்தால் கோர்ட்டில் இன்னொரு பீரோ தேவைப்பட்டிருக்கும்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு சித்திரை மாதம், உச்சி வெயில். களத்துமேட்டு வழக்கு ஒன்றில் ஒரு வயதான குடியானவர் சாட்சி. அரை மணி நேரம் அவர் வாயில் 'சரிங்க' தவிர ஒன்றும் வரவில்லை. திருமூர்த்திக்குக் கண் சொருகியது. 'மயிலைக் காளை' என்று எழுதியிருந்ததைச் 'செவலைக் காளை' என்று வாசித்துவிட்டார்.

சாட்சி கூண்டின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க! என்ற கட்டுத்தரையில செவலையே இல்லீங்களே! நாலும் மயிலைங்க. வேணும்னா வந்து பாருங்க!"

திருமூர்த்தி மன்னிப்புக் கேட்டு, சரியாக வாசித்தார். சாட்சி அதோடு விடவில்லை. "அப்பறம் இன்னொன்னுங்க. சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க ஐப்பசின்னு படிச்சீங்க. நான் புரட்டாசின்னுதானுங்க சொன்னேன்."

அந்த வழக்கே அந்த மாதத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

திருமூர்த்தி அதை நன்றாக யோசித்துப் பார்த்தார். தன் நிலத்தைப் பற்றி, தன் சண்டையைப் பற்றி, தன்னைப் பற்றியேகூட யார் தப்பாக வாசித்தாலும் இந்த ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். மாட்டைப் பற்றித் தப்பாகச் சொன்னால் பொறுக்கமாட்டார்கள். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால், பிறகு மரியாதை திரும்பி வந்து கதவைச் சாத்துவதற்கு நேரமாகும். அதற்குள் மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும்.

மாட்டுக்கும் பஞ்சமில்லை. வரப்பு வழக்கானாலும் வாய்க்கால் வழக்கானாலும், குறுக்கு விசாரணையில் வக்கீல், "அன்னைக்கு எந்த மாடு பூட்டியிருந்தே?" என்று கேட்காமல் விடமாட்டார். இந்தப் பக்கத்தில் ஒருவரின் ஞாபகத்தை உரசிப் பார்க்கிற கல் அதுதான். ஆகவே பத்து வாக்குமூலத்தில் எட்டில் ஒரு மாடு இருக்கும். அந்த இடம் வந்ததும் திருமூர்த்தி நிறத்தை மாற்றி வாசிப்பார். சாட்சி துள்ளுவார். உடனே மன்னிப்புக் கேட்டுச் சரியாக வாசித்துவிட்டு மேலே போவார். காகிதத்தில் ஒரு புள்ளியைக்கூட அவர் மாற்றியதில்லை. பத்து வருஷமாக இது நடந்தது. வாசிக்கிற நேரத்தில் வக்கீல்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். முன்சீப் அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கும் தெரியவில்லை.

1935-ஆம் வருஷம் தை மாதத்தில் பாலகோபால் என்று ஒரு புது முன்சீப் வந்தார். முப்பத்தொரு வயது. ராஜமகேந்திரவரத்துக்காரர். தாய்மொழி தெலுங்கு. தமிழ் படிப்பார், பேசுவார்; ஆனால் புத்தகத்தில் இருப்பதைப்போலப் பேசுவார். சர்க்கார் நடத்துகிற தமிழ்ப் பரீட்சையை அவர் ஆடி மாதத்துக்குள் தேற வேண்டியிருந்தது. அதனால் திருமூர்த்தி வாக்குமூலத்தை எழுதி முடித்ததும், அதைத் தம் மேஜைக்கு வாங்கிக்கொள்வார். திருமூர்த்தி பக்கத்தில் நின்று வாசிக்க, அவர் வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு வருவார். வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்ட முதல் முன்சீப் அவர்தான். முதல் சில வாரங்கள் விரல் ஒரு வரி பின்னாலேயே வந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பங்குனியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்சீப்பே இங்கிலீஷில் குறிப்பு எடுக்கும்போது, தமிழில் தனியாக எழுதி வாசிக்க ஒரு குமாஸ்தா தேவையா, உமது அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்கள். திருமூர்த்தியின் வேலை வருஷா வருஷம் நீட்டித்துக்கொடுக்கிற தற்காலிக வேலை. முன்சீப் அவரைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"வருத்தப்படாதீர். ஒவ்வொரு சாட்சிக்கும் முக்கால் மணி அதிகமாகிறது. என் இங்கிலீஷ் குறிப்பின் சாரத்தை நானே சாட்சிக்குத் தமிழில் கூறிவிட்டால் விதி நிறைவேறிவிடாதா?"

"விதி நிறைவேறுமுங்க. ஆனா சாட்சி திருத்தமாட்டாங்க."

"உமக்குத் திருத்துகிறார்களே, எனக்கு ஏன் திருத்தமாட்டார்கள்?"

திருமூர்த்தி மேஜையிலிருந்த காகிதக் கட்டை அடுக்கத் தொடங்கினார். காரணத்தைச் சொன்னால், பத்து வருஷமாகக் கோர்ட்டில் எழுத்தில் இல்லாததை வாசித்ததாக ஆகும்.

"இந்த வாரம் முழுவதும் கவனிக்கிறேன். சனிக்கிழமை பதில் எழுதுவேன்" என்றார் முன்சீப்.

வீட்டில் நாச்சியம்மாள் கவலைப்படவில்லை. "வேல போனாப் போகுதுங்க. காடு கெடக்குது, மாடு கெடக்குது."

"வேலைக்காக இல்ல. அவரு சாரம்னு ரெண்டு வரி சொல்லுவாரு. சரிங்கன்னு கைநாட்டு வெச்சுட்டு வந்துருவாங்க. பொறகு அவிய சொன்னதை அவியளுக்கு ஆரு வாசிப்பா?"

"மரத்தடியில பாவாத்தா இருக்காளே" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பூவாத்தாள் வழக்கு வந்தது. பூவாத்தாள் தனியாகப் பண்ணையம் பார்க்கிற விதவை. அவள் தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம், பக்கத்துக் காட்டுக்காரர் அப்புசாமியின் நிலத்து ஓரமாகப் போகிறது. போன ஐப்பசியில் அப்புசாமி அந்தத் தடத்தின் வாயில் கிளுவை வேலி போட்டு அடைத்துவிட்டார். எரு வண்டி போகாமல் அவள் தோட்டம் அந்தப் பருவம் பாதிதான் விளைந்தது. சட்டம் கேட்பது ஒன்றுதான். யாரையும் கேட்காமல் இருபது வருஷம் வண்டி ஓட்டியிருந்தால் தடத்தில் அவளுக்குப் பாத்தியம் உண்டு. நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு ஓட்டியிருந்தால் பாத்தியம் இல்லை. அது அவர் தயவு.

அவள் பக்கத்துச் சாட்சி மாரப்பன். அவள் புருஷன் காலத்திலிருந்து அந்தத் தடத்தில் வண்டி ஓட்டுகிற பண்ணையாள். ஐம்பது வயது இருக்கும். கூண்டில் ஏறும்போது துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதல் விசாரணையில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அப்புசாமியின் வக்கீல் ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். கெட்டிக்காரர், குரலை உயர்த்தாமலே குறுக்கு விசாரணை செய்கிறவர்.

"மாரப்பா, கடேசியா அந்தத் தடத்துல வண்டி ஓட்டினியே, எந்த மாடு பூட்டியிருந்தே?"

"ரெண்டும் மயிலைங்க சாமி."

"சரி. அப்புசாமிக் கவுண்டரோட அப்பாரு உசுரோட இருந்தப்போ, அவரைக் கேக்காம அந்தத் தடத்துல வண்டி போகுமா?"

"அதெப்பிடிங்க சாமி, கண்ணால வண்டின்னா நிறுத்தி, 'பொண்ணு அழைச்சுட்டு வாறோமுங்க'ன்னு ஒரு வார்த்தை அவரைக் கேட்டுக்கிட்டுத்தான் போறது. பெரியவரும் வெத்தலை குடுத்து அனுப்புவாரு. எரு வண்டிக்கு ஆருங்க கேப்பாங்க? அது பொழுதன்னைக்கும் போறதுதானுங்களே."

மாரப்பன் அதை ஒரே மூச்சில் சொன்னார். கல்யாணத்தைக் கண்ணாலம் என்கிற அந்தப் பேச்சில் முன்சீப்பின் தெலுங்குக் காதுக்குப் பாதிதான் எட்டியது. குறிப்பு எழுதிவிட்டு, திருமூர்த்திக்குச் சொன்னார்: "எழுதும். 'அப்புசாமியின் தகப்பனாரைக் கேட்டுக்கொண்டுதான் அந்தத் தடத்தில் வண்டி போகும்.'"

திருமூர்த்தியின் பேனா நின்றது. "எசமான், கண்ணாலத்துக்குன்னு..."

"சுருக்கமாக எழுதும், திருமூர்த்தி."

ஈஸ்வரமூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமூர்த்தி எழுதினார். முன்சீப் சொன்னபடி எழுதுவது அவர் கடமை. அதைத் திருத்தும் உரிமை சாட்சியுடையது. அதற்கென்றுதான் வாசிப்பு இருக்கிறது. தடம் திறப்பதும் அடைபடுவதும் அந்த ஒரு வரியில் வந்து நின்றது என்பது அவருக்கும், பின் பெஞ்சியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்த பூவாத்தாளுக்கும் தெரிந்தது.

காகிதம் முன்சீப்பின் மேஜைக்குப் போயிற்று. திருமூர்த்தி பக்கத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார். மாடு வருகிற வரி, கேட்டுக்கொண்டு போகிற வரிக்கு நேர் முன்னால் இருந்தது. அதைவிட நல்ல இடம் அமையாது.

"'வண்டியில் பூட்டியிருந்தது இரண்டும் காரி.'"

சாம்பல் மாட்டைக் கறுப்பாக்கியதும் மாரப்பன் வாயைத் திறந்தார்.

"நிறுத்தும்" என்றார் முன்சீப். அவர் விரல் சரியாக அந்த வரியில் இருந்தது. இரண்டு மாதப் படிப்பு வீண்போகவில்லை. "இங்கு மயிலை என்று எழுதியிருக்கிறது. நீர் காரி என்கிறீர்."

தண்ணீர் குடிக்கப் போயிருந்த ஈஸ்வரமூர்த்தி வாசலிலிருந்தே வேகமாக வந்தார். "எழுதினது ஒண்ணு, வாசிக்கறது ஒண்ணா? யுவர் ஆனர், இதை ரிக்கார்டுல ஏத்தோணும். இன்னும் எத்தனை கேஸுல இப்படி வாசிச்சாரோ!"

"கண் தவறிவிட்டதா?" என்று கேட்டார் முன்சீப். ஆமாம் என்று சொல்லும்படி அவருக்கு இடம் கொடுத்தே கேட்டார்.

திருமூர்த்தியின் கண் மாரப்பன் மேலேயே இருந்தது.

"சரி. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசியும்."

திருமூர்த்தி வாசித்தார். இரண்டும் மயிலை. "சரிங்க" என்றார் மாரப்பன். அப்புசாமியின் தகப்பனாரைக் கேட்டுக்கொண்டுதான் அந்தத் தடத்தில் வண்டி போகும். திருமூர்த்தி அந்த வரியை முடிந்த அளவு மெதுவாக வாசித்து, மாரப்பன் முகத்தைப் பார்த்தார். மாரப்பனின் புருவம் கொஞ்சம் சுருங்கியது. அவர் முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் அவரைப் பார்த்தார்.

"சரிங்க" என்றார் மாரப்பன்.

டவாலி ஐயாசாமி மைப்பெட்டியைக் கொண்டுவந்து, மாரப்பனின் இடது கட்டைவிரலைப் பிடித்தார். விரல் மையில் இறங்கியது.

"எசமான்!" திருமூர்த்தியின் குரல் புளியமரம் வரைக்கும் கேட்டது. "சித்தெ பொறுக்கோணும். கண்ணு தவறலீங்க. வேணும்னேதான் அப்பிடி வாசிச்சேன்."

ஐயாசாமி மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். திருமூர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். களத்துமேட்டு வழக்கு, செவலை, புரட்டாசி, பத்து வருஷம். சொல்லச் சொல்லத் தன் வேலை கையை விட்டுப் போவது அவருக்கே தெரிந்தது. ஆனாலும் வாக்குமூலம் கொடுக்கிறவரைப்போல ஒன்றையும் விடாமல் சொன்னார்.

பாலகோபால் பேனாவைக் கீழே வைத்தார். "தன் வாக்குமூலம் தவறாக இருந்தால் பேசாத ஒருவர், மாட்டின் நிறம் தவறாக இருந்தால் பேசுவார். இதை நான் நம்ப வேண்டும்."

"எசமானே வாசிச்சுப் பாக்கலாமுங்க."

"இது கோர்ட்டா, மாட்டுச் சந்தையா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"உட்காரும்" என்றார் முன்சீப். அவருக்கு ஆவல் வந்துவிட்டது. காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வாசிப்பதைப்போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "வண்டியில்... பூட்டியிருந்தது... இரண்டும்... காரி."

மாரப்பன் தம் மைவிரலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திருமூர்த்தியைப் பார்த்தார். குமாஸ்தா வாசிப்பது வேறு. முன்சீப்பே வாசிப்பது வேறு. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்சீப் ஒரு கணம் யோசித்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே, எங்கும் எழுதியிராத ஒன்றைத் தம் சொந்தத் தமிழில் சேர்த்தார். "அவற்றுள் ஒரு காளைக்குக் கொம்பு இல்லை."

"சாமி!" மாரப்பன் கூண்டைத் தட்டினார். மை கூண்டில் அப்பியது. "கொம்பில்லாத மாட்டையா நான் பூட்டினேன்? ஒவ்வொரு கொம்பும் என்ற கை நீளமுங்க! கண்ணபுரம் தேர்ச் சந்தையில நானே பாத்துப் புடிச்சுட்டு வந்த மாடுங்க! மயிலைங்க சாமி, ரெண்டும் மயிலை! எங்க கவுண்டச்சியம்மாவைக் கேளுங்க!"

பின் பெஞ்சியிலிருந்து, "ஆமாங்க, கொம்பு இருக்குதுங்க" என்றது பூவாத்தாளின் குரல். ஐயாசாமி அவளை உஷ் என்றார். ஆனால் அவர் முகமும் சிரித்தது.

"தவறு என்னுடையது. மயிலை. கொம்பு உண்டு" என்றார் முன்சீப்.

"அப்பறம் சாமி, சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க." மாரப்பன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "கேட்டுக்கிட்டுத்தான் வண்டி போகும்னு படிச்சீங்களே, அது கண்ணால வண்டிக்குத்தானுங்க. அது ஒரு மரியாதைக்குங்க. எரு வண்டியை ஒரு நாளும் ஆரையும் கேட்டு ஓட்டினதில்லீங்க. முப்பது வருசமா நான்தானுங்களே ஓட்டறேன்."

ஈஸ்வரமூர்த்தி உடனே எழுந்தார். "வாசிச்சுக் காட்டினப்போ சரிங்கன்னான். இப்ப மாத்தறான். இது திருத்தம் இல்லை, புதுச் சாட்சி."

முன்சீப் அவர் பக்கம் திரும்பினார். "ஈஸ்வரமூர்த்தி, அவர் முதலில் சொன்னபோது என் காதில் பாதி விழவில்லை. உமக்கு இது பிறந்த ஊர். உம் காதில் கல்யாணம் விழுந்ததா, இல்லையா?"

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். கட்சிக்காரர் அப்புசாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கில் எதையும் பேசலாம். கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்கிறவர் அல்ல அவர்.

"விழுந்ததுங்க" என்றார் கடைசியில். "வெத்தலையும் விழுந்தது."

கோர்ட்டில் எழுந்த சிரிப்பை அடக்க ஐயாசாமி மூன்று தடவை 'சைலன்ஸ்' சொல்ல வேண்டியிருந்தது. திருத்தம் எழுதப்பட்டது. முன்சீப் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். திருமூர்த்தி முழுவதையும் மறுபடி ஒரு தடவை, இருக்கிறபடியே வாசித்தார். இந்தத் தடவை மாரப்பன் இன்னும் இரண்டு இடத்தில் திருத்தினார். ஒன்று கிணற்றுக்கு எத்தனை கஜம் தூரம் என்பது. இன்னொன்று தம் வயது. அதில் அவருக்கே சந்தேகம் இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

கோர்ட்டு கலைந்ததும் முன்சீப் திருமூர்த்தியைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். திருமூர்த்தி மேஜைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போனார். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று.

"நீர் செய்தது தவறு" என்றார் பாலகோபால். "கோர்ட்டில் எழுத்தில் இல்லாததை வாசிக்கக் கூடாது. இனி ஒரு சொல்லும் மாற்றி வாசிக்கலாகாது. அது உத்தரவு."

"சரிங்க."

"இந்தச் 'சரிங்க' எந்தச் சரிங்க? மாரப்பன் முதலில் சொன்னதா?"

திருமூர்த்திக்கு அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "மெய்யாலுமே சரிங்க, எசமான்."

"இன்று நானும் மாற்றி வாசித்தேன். அதற்காக என் நாட்குறிப்பில் என்னைக் கண்டித்து எழுதிக்கொண்டேன்." அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். மேலிடத்துக்கு எழுதி வைத்திருந்த பதில். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார். கீழே புதிதாக இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். தமிழில் எழுதுவதும் வாசித்துக் காட்டுவதும் இந்தக் கோர்ட்டில் அவசியம். அதைச் செய்ய இந்தப் பக்கத்தில் பிறந்த குமாஸ்தா ஒருவர் அவசியம். முன்சீப் சாரத்தை மட்டும் சொல்லி விதியை நிறைவேற்றலாம் என்பது, இன்று மத்தியானம் மூன்று மணி வரை தாம் கொண்டிருந்த அபிப்பிராயம்.

திருமூர்த்தி சாவியை மடியில் செருகிக்கொண்டார். ஆனால் உடனே கிளம்பவில்லை. "அப்ப நாளையிலிருந்து அவியளை எப்பிடிங்க பேச வைக்கிறது?"

"அதையும் யோசித்தேன். வாசிப்பதற்கு முன்பு, எழுத்தில் சேராதபடி, சாட்சியிடம் அவருடைய மாடுகளின் நலத்தை நீர் விசாரிப்பதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்."

சனிக்கிழமை பதில் தபாலில் போயிற்று. வைகாசியில் வேலை மறுபடி ஒரு வருஷத்துக்கு நீண்டது. அதே மாதம் வழக்கும் தீர்ப்பாகி, அப்புசாமி கிளுவை வேலியை வண்டி போகிற அகலத்துக்கு வெட்டிவிட்டார்.

புது ஏற்பாடோ, பதில் போன சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. அன்று ஓடைக்கரை வழக்கு ஒன்றில் முத்தாத்தாள் என்று ஓர் அம்மாள் சாட்சி. சாட்சி சொல்லி முடித்ததும், உத்தரவுப்படி திருமூர்த்தி காகிதத்தைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க அம்மணி, கட்டுத்தரையில மாடு கன்னெல்லாம் சௌக்கியமுங்களா?"

முத்தாத்தாள் கூண்டின் சட்டத்தில் முழங்கையை ஊன்றி, நன்றாக நிமிர்ந்து நின்றுகொண்டாள். போன மாதம் ஈன்ற மூத்த எருமையிலிருந்து தொடங்கினாள். கால் மணி ஆகியும் இரண்டாவது எருமைக்கு வரவில்லை. முன்சீப் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். பிறகு தமிழ்ப் பரீட்சை நோட்டைத் திறந்து, 'சீம்பால்' என்று எழுதிக்கொண்டார்.

ஐயாசாமி மெதுவாக மேஜைப் பக்கம் வந்து குனிந்தார். "எசமான், விசாரிச்சுப்போட்டேனுங்க. இந்தம்மா ஊட்டுல மொத்தம் ஏழு உருப்படிங்களாம். மத்த கேஸுக்காரங்களை நாளைக்கு வரச் சொல்லிரட்டுமுங்களா?"